பத்து காஜாவுக்கு ஒரு சங்கற்பம்

தானா ராத்தாவின் கடைத்தெருவையும் பிரிஞ்சாங்கின் சந்தை நெரிசலையும் பின்னே விட்டுக் கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள எங்கள் கோலா தெர்லாவில், மார்கழி மாதத்து மூடுபனி தேயிலைச் சரிவையும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளையும் பேதமின்றி மறைத்து நிற்கும் விடியற்காலையில், அடுப்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே பேசும் பேச்சுக்குத் தனியான ஒரு சாவகாசம் உண்டு. அப்படியொரு விடியலில், எடின்பரோவில் படித்துக்கொண்டிருக்கும் பேரன் தொலைபேசியில் என் தமக்கையாரை அழைத்து, கோடை விடுமுறைக்கு அங்கே வந்துவிடும்படியும், வந்தால் ஒருநாள் ரயிலேறி ஸ்டர்லிங் என்னும் பழைய கோட்டை நகரத்துக்குப் போய்விட்டு மாலையே திரும்பிவிடலாம் என்றும், அதற்கான திட்டம் முழுவதையும் தான் எழுதி வைத்திருப்பதாகவும் உற்சாகத்தோடு சொன்னான். எழுபத்தெட்டு வயதை எட்டிவிட்ட அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அந்தக் கோட்டைக்குள்ள சாமி இருக்காய்யா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரயாணத்தைப் பற்றி மனிதர் கேட்கத் தக்க கேள்விகளில் அதைவிடக் கனமானது வேறொன்று இருப்பதாக இன்றுவரை எனக்குத் தோன்றவுமில்லை.

ஸ்காட்லாந்துக்காரர் கட்டிய கோட்டைதான் பார்க்க வேண்டுமென்றால் அதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை, மலை இறங்கினால் போதும் என்று நான் அக்காவிடம் சொன்னேன். பேராக் மாநிலத்தில், கிந்தாச் சமவெளியில், மலாய் மொழியில் யானைக்கல் என்று பொருள்படும் பத்து காஜா என்னும் ஊருக்கு அருகே, கோப்பெங் போகும் சாலையோரத்தில், ராயா ஆற்றங்கரை மேட்டில் முற்றுப்பெறாமல் நிற்கும் கெல்லி கோட்டையையே குறிப்பிட்டேன். நான் அதை ஒரு முறை பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் இங்கிருந்து சமவெளிக்கு இறங்கத் தெற்கே ரிங்லெட்டைச் சுற்றித் தாப்பாவுக்குப் போகும் வளைவுப் பாதை ஒன்றே உண்டு; பாதி வழியிலேயே பேருந்தில் பாதிப்பேர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு நேரே சாலை வந்துவிட்டபிறகு, விடியுமுன் புறப்பட்டவன் சுண்ணாம்புக்கல் குன்றுகளின்மேல் வெயில் விழும் நேரத்துக்குள் சமவெளியில் இருக்கலாம். ஆகவே அன்று காலையே திட்டம் வகுக்கத் தொடங்கினோம். புளிச்சோறு எவ்வளவு, தயிர்ச்சோறு எவ்வளவு, வண்டியில் யார் யார், அக்காவின் முழங்கால் வலிக்கு எங்கெங்கே நிறுத்துவது என்பதெல்லாம் விரைவில் முடிவாயின. முடிவாகாமல் நின்றது ஒன்றுதான். கோட்டையின் அருகே, அதைக் கட்டப் போனவர்களே தங்களுக்காக எழுப்பிய ஒரு மாரியம்மன் கோயில் இருப்பதாக நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், உடனே அக்கா, "அப்ப நாம கோயிலுக்குப் போறோமா, கோட்டைக்குப் போறோமா? அதை முதல்ல சொல்லு" என்றார்.

இரண்டுக்கும் போகிறோம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அது பதிலாகாது என்பதை நானே அறிவேன். ஒரே சாலை, ஒரே வண்டி, ஒரே கட்டுச்சோறு. ஆயினும் கோட்டையைப் பார்க்கப் போகிறவன் வழியில் கோயிலை எட்டிப் பார்ப்பதும், கோயிலுக்குப் போகிறவன் திரும்பும் வழியில் கோட்டையைப் பார்த்துக்கொள்வதும் ஒன்றல்ல. முன்னது உல்லாசப் பிரயாணம், பின்னது யாத்திரை. வேற்றுமை கால் மிதிக்கும் மண்ணில் இல்லை. புறப்படுமுன் மனம் செய்துகொள்ளும் தீர்மானத்தில் இருக்கிறது. இராமேசுவரத்து மணலை எடுத்துப்போய்க் கங்கையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்த நம் முன்னோர், வழியிலுள்ள அரண்மனைகளையும் அங்காடிகளையும் பார்க்காமலா போனார்கள்? நன்றாகவே பார்த்திருப்பார்கள். ஆனால் அவர்கள் மடியிலிருந்த அந்தப் பிடி மணல், தாங்கள் எதற்காகப் புறப்பட்டோம் என்பதை ஒவ்வொரு சத்திரத்திலும் அவர்களுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது. இந்தத் தீர்மானத்துக்கு நம் சமயம் வைத்த பெயர் சங்கற்பம். எந்தப் பூஜையும் அதைச் சொல்லாமல் தொடங்குவதில்லை. இன்ன தேசத்தில், இன்ன காலத்தில், இன்ன நட்சத்திரத்தில் பிறந்த இன்னார், இன்ன பயனைக் கருதி இதைச் செய்கிறார் என்று அர்ச்சகர் முதலில் அறிவிக்கிறார். கையில் ஏந்திய நீர் கீழே விழுகிறது. அதற்குப் பிறகுதான் கிரியை. கோத்திரம் தெரியாத எங்கள் தோட்டத்து ஜனங்கள் சிவ கோத்திரம் என்று சொல்லிவிட்டுக் கைகூப்பி நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது குறைபாடு என்று யாரும் நினைத்ததில்லை.

சங்கற்பத்துக்கு இத்தனை மதிப்புத் தரும் அதே மரபில், சங்கற்பத்தைத் துறவாத எவனும் யோகி ஆவதில்லை என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் பேசுகிறது. சங்கற்பமின்றிப் பூஜை இல்லை. சங்கற்பம் உள்ளவரை யோகம் இல்லை. இந்த முரண்பாடு புத்தகத்தில் படித்தபோது எனக்கு வெறும் தர்க்கமாகவே தோன்றியது. கெல்லி கோட்டையின் கதையை அக்காவுக்குச் சொல்லப் புகுந்தபோதுதான் அது தர்க்கத்தோடு நிற்கும் விஷயமல்ல என்று கண்டேன்.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலுள்ள மொரே சீமையில் பிறந்து, பொறியியல் கற்று, இருபதாம் வயதில் 1890-இல் மலாயாவுக்கு வந்தவர். ஆல்மா பேக்கர் என்பாரோடு சேர்ந்து பேராக்கில் காடழித்துச் சாலையமைக்கும் குத்தகை வேலைகளில் ஈடுபட்டு, அதில் வந்த பொருளைக்கொண்டு கிந்தாவில் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் காட்டை வாங்கி, ரப்பர் நட்டு, ஈயம் தோண்டி, தம் தோட்டத்துக்குச் சொந்த ஊரின் பெயரைச் சேர்த்துக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார். தேயிலையானாலும் ரப்பரானாலும் ஆசியாவின் தோட்டங்களை வகுத்த துரைமாரில் ஸ்காட்லாந்தார் மிகப் பலர். இலங்கையின் லூல்கந்துராவில் 1867-இல் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரரே. தரிசும் குளிருமான தாய்நாட்டை விட்டுவந்த அவர்களுக்கு, போன இடத்திலெல்லாம் அந்த நாட்டின் பெயரையும் சாயலையும் ஊன்றிவிட வேண்டுமென்ற ஒரு தாகம் இருந்தது போலும். நம்மவர்கள் வேப்பங்கன்றையும் மாரியம்மனையும் கொண்டுவந்ததும் அந்தத் தாகத்தின் இன்னொரு வடிவமே.

ஆக்னஸ் என்னும் மனைவியும் ஹெலன் என்னும் மகளுமாகக் குடித்தனம் நடத்திய வீடு ஒன்று அங்கே முன்னமே இருந்தது. 1915-இல் மகன் அந்தோணி பிறந்த காலத்தில், அந்த வீட்டோடு பெரிய மாளிகை ஒன்றைச் சேர்த்துக் கட்டும் எண்ணம் ஸ்மித்துக்கு உண்டாயிற்று. ஸ்காட்லாந்துக் கோட்டையின் சதுரக் கோபுரமும், மூர் தேசத்துக் குதிரைலாட வளைவுகளும், இந்தியக் கட்டடக் கலையின் சாயலும் ஒன்றுகூடிய அந்த மாளிகைக்குச் செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டுகிற கைகளும் சென்னை மாகாணத்திலிருந்தே வந்தன. மாடியில் விருந்துக்கு வெளி, உள்ளே டென்னிஸ் ஆடக் களம், கோபுரத்தில் மின்தூக்கி என்று திட்டம் விரிந்துகொண்டே போயிற்று. அந்த மின்தூக்கி அமைந்திருந்தால் மலாயாவின் முதல் மின்தூக்கியாக இருந்திருக்கும் என்பர். அது அமையவில்லை. நான் போனபோது அந்தக் கூண்டுக்கான சதுரக் குழியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் ஒரு துண்டு வானம் தெரிந்தது. பூச்சு விழுந்த சுவர்களில் செங்கல் வெளியே தெரிய, கதவில்லாத நிலைகளின் வழியே காற்று போய்வந்துகொண்டிருந்தது. சுரங்கப் பாதைகளைப் பற்றியும் ஆவிகளைப் பற்றியும் அங்கு வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லப்படுகிறது. எனக்கு அவற்றில் சுவாரசியமில்லை. குடியிருந்த வீட்டில்தானே பேய் உலவ வேண்டும்? அந்த மாளிகையில் ஒருநாளும் யாரும் குடியிருக்கவில்லை.

வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், முதல் உலகப் போரின் முடிவோடு பூமி முழுவதும் பரவிய ஸ்பானிஷ் காய்ச்சல் கிந்தாவையும் எட்டியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிவந்த கொத்தனார்களும் சித்தாள்களும் ஒருவர்பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். எஞ்சியவர்கள் துரையிடம் போய், அம்மனுக்குக் கோயில் கட்டாமல் இந்த வேலை நகராது என்று முறையிட்டதாகவும், அவர் மாளிகை வேலையை நிறுத்திவைத்துக் கோயிலுக்கு இடமும் பொருளும் கொடுத்ததாகவும் அந்த வட்டாரத்து ஐதிகம் சொல்கிறது. கோட்டையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மகா மாரியம்மன் கோயில் எழுந்தது. அதன் மேல்தளத்துச் சுதையுருவங்களுக்கிடையே, தேவர்களோடு தேவராக, வெள்ளை உடுப்பணிந்த ஒரு துரையின் உருவத்தையும் அவர்கள் செய்து வைத்தார்கள். ஸ்மித் 1926-இல் ஐரோப்பாவுக்குப் போன இடத்தில், போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில், நிமோனியாக் காய்ச்சல் கண்டு இறந்தார். மின்தூக்கியை வாங்கவே போனார் என்றும் சொல்வார்கள். ஆக்னஸ் மலாயாவுக்குத் திரும்பவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்ட் கம்பெனிக்கு விற்கப்பட்டது. காடு மாளிகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்கியது.

கதையைக் கேட்ட என் மருமகன், படித்தவன், உடனே ஓர் அபிப்பிராயம் சொன்னான்: பயத்தில் கட்டிய கோயில் பக்தியில் சேருமா? காய்ச்சல் வராதிருந்தால் கோயிலும் வந்திராதே! இதற்குக் கீதையே பதில் சொல்லிவிட்டது. பகவானை வழிபடுகிறவர்களை நால்வராகப் பிரிக்கும் ஏழாம் அத்தியாயம், துன்பத்தில் கதறுகிற ஆர்த்தனையும் அந்தக் கணக்கில் சேர்த்து, நால்வருமே உயர்ந்தவர்கள் என்று கூறுகிறது. ஞானிக்குத் தனி ஆசனம் உண்டு. ஆனால் ஆர்த்தனை வாசலில் நிறுத்தவில்லை. அதோடு, மாரியம்மனை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே சற்று அந்நியமானது. நோயை அனுப்பும் ஒருவரும் நோயைத் தீர்க்கும் இன்னொருவருமாக இரு தெய்வங்களை வைத்துக்கொண்டு வழக்காடும் மதமன்று அது. உடம்பில் முத்துப்போட்டவளும் அவளே, வேப்பிலையால் தடவிக் குளிர்விப்பவளும் அவளே. காய்ச்சல்காரன் படுக்கையருகே செருப்போடு போகாதே, உரக்கப் பேசாதே, ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொல்லும் கிராமத்துக் கிழவி, துன்பத்தைத் தெய்வத்துக்கு வெளியே தள்ளாமல் தெய்வத்துக்குள்ளேயே வைத்துக் காண்கிறாள். துன்பத்தின் காரணத்தை விசாரித்த பெரிய தரிசனங்களில் எத்தனை இந்தத் துணிவைக் காட்டின என்பதைத் தத்துவம் பயின்றவர்கள் சொல்லட்டும். கூழ் ஊற்றுவதும் கரகம் எடுப்பதும் தீமிதிப்பதும் பயத்தின் காரியங்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தோன்றலாம். ஒருவன் தன்னைப் பயமுறுத்தும் பொருளைத் தாயே என்று அழைத்துவிட்டபின் எஞ்சியிருப்பது வெறும் பயமாக இருக்க முடியாது.

கடினமான கேள்வி கூரைமேல் நிற்கும் துரையைப் பற்றியது. இதைச் சிலர் அடிமைப் புத்தியின் சின்னம் என்பர். ஆகமம் அறிந்தவர்கள் அபசாரம் என்று முகம் சுளிப்பர். பயண வழிகாட்டிகள் நன்றியறிதல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். மூன்றும் எனக்குத் திருப்தி தரவில்லை. மனிதர் உருவம் கோயிலில் இடம்பெறுவது நமக்குப் புதிதன்று. கணவர் கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் கோலத்தைச் செம்பியன் மாதேவியார் கோனேரிராசபுரத்துக் கோயிலில் செதுக்கச் செய்தார். கிருஷ்ணதேவராயர் தில்லையின் வடக்குக் கோபுரத்துக்குள் கைகூப்பி நிற்கிறார். திருமலையில் இரு தேவியரோடும் நிற்கிறார். மதுரைப் புதுமண்டபத்தில் நாயக்க மன்னர் வரிசையே உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் தொப்பியணிந்த ஓர் ஐரோப்பியத் தலையைக் காட்டிக் கதை சொல்லாத வழிகாட்டி இல்லை. ஆனால் அரச குடும்பத்தார் தங்கள் பொருளால், தங்கள் ஆணையால் அமைத்த உருவங்கள் வேறு; அவற்றைக் கொண்டு தொழிலாளர் மனத்தை அளக்க முடியாது. வேறொரு வகையும் உண்டு. 1809-இல் திருவிதாங்கூர் எல்லைச் சண்டையில் மாண்ட போல் என்ற ஆங்கிலக் காப்டனின் சமாதியில், அகால மரணமடைந்தவனின் ஆவிக்கு அஞ்சி, திருநெல்வேலிச் சீமை மக்கள் சுருட்டும் சாராயமும் படைத்து வழிபட்டதைக் கால்டுவெல் எழுதியிருக்கிறார். அங்கே துரை தெய்வமாகிவிட்டான், படையல் அவனுக்கே.

கிந்தா கெல்லாஸில் நடந்தது இவ்விரண்டில் எதுவும் அல்ல. அந்தத் தொழிலாளர் துரையை வைத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கருவறையில் வைக்கவில்லை, பரிவார தெய்வமாகத் தனிச் சந்நிதி கட்டவில்லை, பொங்கலும் விளக்கும் அவருக்கு வைக்கவில்லை. கூரைமேல் வைத்தார்கள். நம் கோயில்களில் கோபுரமும் மேல்தளமும் உலகத்தின் படம். அங்கே தேவரும் முனிவரும் பூதகணமும் நாட்டியப் பெண்ணும் யாளியும் குரங்கும் இடம் பெறுவார்கள். சிருஷ்டியில் உள்ளது எதுவும் அங்கே நிற்கலாம். நிற்பதனாலேயே அது வழிபடப்படுவதில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிட, கங்காணியும் ஆளும் வரிசையில் நிற்க, துரை மட்டும் வரிசைக்கு வெளியே நிற்பார். அவர் பெயரைக் கூப்பிட அந்தக் களத்தில் யாருமில்லை. தங்கள் கையால் சுதை பிசைந்து அவருக்கு உருவம் கொடுத்த அந்தக் கொத்தனார்கள், நன்றியால்தான் செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நன்றி அவரைத் தெய்வமாக்கவில்லை. அம்மன் எடுக்கும் பெரட்டில், தேவர்கள் நிற்கும் அதே வரிசையில், துரையையும் ஓர் ஆளாக நிறுத்திப் பெயர் பதிந்துவிட்டது. காய்ச்சலுக்கு முன் கொத்தனும் துரையும் ஒன்று என்பதை லிஸ்பன் பின்னால் நிரூபித்தது. அவர்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

இப்போது சங்கற்பத்துக்கு வருகிறேன். பெரியபுராணத்தில் பூசலார் என்றொரு நாயனார். திருநின்றவூர்க்காரர், சிவனுக்குக் கற்கோயில் எடுக்க ஆசை, கையில் காசில்லை. எனவே மனத்துக்குள்ளேயே நாள் பார்த்து அடிக்கல் நட்டு, தச்சரைக் கூட்டி, இரவும் உறங்காமல் விமானம் வரை எழுப்பி, குளமும் கிணறும் தோண்டி, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் எடுத்த பெரிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னன் காடவர்கோன் கனவில் இறைவன் தோன்றி, நாளை நின்றவூர் அன்பன் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள் என்றான். மன்னன் தேடிப்போனான், ஊரில் கோயில் எதுவும் இல்லை, பூசலாரைக் கண்டு விழுந்து வணங்கினான். இந்தக் கதையைக் கேட்டதும் மனத்தில் நினைத்தாலே போதும், கட்ட வேண்டியதில்லை என்று சோம்பேறிக்குச் சாதகமாகப் பொருள் கொள்வோர் உண்டு. சேக்கிழார் சொல்லும் பூசலார் சோம்பியவர் அல்லர். ஒரு கல்லைக்கூடத் தாண்டாமல், ஒரு நாளைக்கூடக் குறைக்காமல், கட்டுகிறவன் படும் பிரயாசை முழுவதையும் பட்டவர். அவர் விட்டது ஒன்றுதான்: கட்டியவன் நான் என்று ஊர் சொல்ல வேண்டுமென்ற எண்ணம். கீதை துறக்கச் சொல்லும் சங்கற்பம் அதுவே என்று நான் கருதுகிறேன். பூஜைக்கு முன் நீர்விட்டுச் சொல்லும் சங்கற்பத்தில் என் பெயரும் நட்சத்திரமும் வருவது, செய்வது இன்னார் என்று பொறுப்பேற்பதற்காக. மாளிகையின் நெற்றியில் பெயர் பொறிப்பது, இது என்னுடையது என்று நிலத்துக்குச் சொல்வதற்காக. பெயர் ஒன்றுதான்; போகும் திசை வேறு.

ஸ்மித்தைப் பரிகாசம் செய்ய எனக்கு விருப்பமில்லை. அவர் மாளிகையைக் கெல்லியின் பைத்தியக்காரத்தனம் என்று அவர் இனத்தவரே பெயரிட்டுச் சிரித்தார்கள். பிறந்த மண்ணுக்கு ஏங்கிய மனிதர். மகன் வளர ஒரு வீடு வேண்டும் என்று நினைத்த தகப்பன். அவருடைய திட்டத்தில் குற்றம் ஒன்றுமில்லை; அதை முடித்து வைக்கும் காலம்தான் அவர் கையில் இருக்கவில்லை. அவர் திட்டத்தில் இல்லாத ஒன்று, நடுவில் வேலையை நிறுத்திக் கொடுத்த ஒன்று, முற்றுப்பெற்றது. அவர் பிறந்த நாட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. எடின்பரோக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து 1314-இல் மீட்ட ராண்டால்ப், ஸ்மித்தின் சொந்தச் சீமையான மொரேயின் பிரபு. பகைவர் மறுபடி பயன்படுத்தக்கூடாதென்று, மன்னர் புரூசின் ஆணையால் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். முதலாம் டேவிட் மன்னன் தன் தாய் மார்கரெட்டின் நினைவாக எழுப்பியிருந்த சின்னஞ்சிறு ஜபமண்டபத்தை மட்டும் தொடவில்லை. பிற்காலத்தில் அது வெடிமருந்துக் கிடங்காகக்கூட இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடையாளம் கண்டு மீட்டார்கள். இன்று அந்த நகரத்தில் நிற்கும் கட்டடங்களுள் அதுவே மிகப் பழையது. கோட்டைக்குள் சாமி இருக்கிறதா என்று பாட்டி கேட்டதற்குச் சிரித்த பையன், மறுவாரம் தானாகவே எடின்பரோக் கோட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இருக்கிறது, ஓர் அம்மாவுக்காகக் கட்டியது, பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும் என்று செய்தி அனுப்பினான்.

அக்காவுக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஆனால் அவர் மனம் வேறொன்றில் சிக்கியிருந்தது. பத்து காஜாவில் அம்மனுக்கு அர்ச்சனை செய்யும்போது யார் பெயருக்குச் செய்வது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்துக்கு ஊர்க்கோயிலிலேயே செய்தாயிற்று. அங்கே போய்க் காய்ச்சலில் செத்தவர்களுக்கல்லவா செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. துரை பிறந்த ஆண்டு தெரியும், இறந்த ஊர் தெரியும். நாளும் கிடைத்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டி நட்சத்திரம்கூடக் கணித்துவிடலாம். செங்கல் சுமந்து சாய்ந்தவர்களின் பெயரைச் சொல்லும் கல் ஒன்றையும் நான் அங்கே பார்க்கவில்லை. பெயரும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, பிறந்த ஊரும் இல்லை. சங்கற்பம் எப்படிச் செய்வது? இங்குள்ள குருக்களிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்து, பெயர் சொல்ல முடியாத இடத்தில் சுவாமி பெயருக்கே அர்ச்சனை செய்வதுதான் வழக்கம் என்றார். அதைக் கேட்ட அக்கா, "அப்படியே செய்யச் சொல்லு தம்பி. துரையையும் அதிலேயே சேர்த்துக்கட்டும்" என்றார்.

வருகிற சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறோம். எலுமிச்சை மாலையும் மஞ்சள் புடவையும் அக்காவே எடுத்து வைத்தாயிற்று. முதலில் கோயில், பிறகு கோட்டை. இரவு மழை பெய்து சிம்பாங் பூலாய் சாலையில் மண் சரிந்திருந்தால், தாப்பா வழியாகப் போவோம்.